பதிமூன்றாவது படம்

ஜனவரி 6

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் தங்கை சில்வண்டு எழுதுவது. நான் நலம். நீ, அண்ணி, பிள்ளைகள் எல்லாரும் நலம்தானே? ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் பழுது பார்க்கிறவன் தன் வீட்டுக்கு ஒன்பது மாடி நடந்து ஏறுகிறான் என்று அண்ணி எழுதியிருந்தார். படித்துவிட்டுச் சிரித்ததில் எனக்கு விக்கல் வந்துவிட்டது. வேறு கம்பெனி லிஃப்ட் என்றால் நீ கை வைக்கக் கூடாதோ? முதுகைப் பார்த்துக்கொள்.

என் பிழைப்பு அதேதான், தங்குவதும் அதே ஸ்டுடியோ மாடி அறையில்தான். வாரத்தில் ஆறு நாள் ஸ்டுடியோவில் நின்று, "காது தெரியணும், சிரிக்கக் கூடாது, தாடையைக் கொஞ்சம் இறக்குங்க." முதலாளி மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, நெகட்டிவில் பென்சிலால் எல்லார் முகத்துத் தழும்பையும் அழித்துக்கொண்டிருக்கிறார். நாற்பது வயதில் எனக்கும் ஒரு பைத்தியம் பிடித்திருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கலர் வந்த பிறகு கருப்பு வெள்ளை ரோலை யாரும் கேட்பதில்லை. மிஞ்சியதை முதலாளி என் தலையில் கட்டிவிடுகிறார். ஞாயிறு ஆனால் அதைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறேன். எதை எடுக்கிறேன் தெரியுமா? ஆள் இல்லாமல் கிடக்கிற பழைய வீடுகளை. எடைமேடைக்குப் பின்னால் ஒரு மாடி வீடு இருக்கிறது, கூரை போய்விட்டது, படிக்கட்டு மட்டும் நேராக வானத்துக்கு ஏறுகிறது. கலரில் எடுத்தால் குப்பை மாதிரித் தெரியும். கருப்பு வெள்ளையில் பார், "என்னை என்ன செய்துவிடுவாய்" என்று கேட்கிற மாதிரி நிற்கிறது. கழுவிய படத்தைக் கொடியில் மாட்டிவிட்டு அதையே அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புகைப்படச் சங்கத்தில் ஒரு போட்டி வைத்திருக்கிறார்கள், தலைப்பே "ஆளில்லா வீடுகள்". பன்னிரண்டு படம் கேட்கிறார்கள். பதினொன்று சேர்ந்துவிட்டது. பன்னிரண்டாவதாக நம் வீட்டை எடுத்தேன். முன்பக்கம் மட்டும். அப்பா போனதற்குப் பிறகு ஆறு வருஷமாக நீ அதைப் பார்க்கவில்லை. ஜன்னல் பலகை உடைந்து தொங்குகிறது, படியெல்லாம் புல். பார்த்தால் அடையாளம் தெரியுமோ என்னவோ.

பதில் போடு. சோம்பேறித்தனம் செய்யாதே.

அன்புடன்,
உன் சில்வண்டு


ஜனவரி 24

அன்புள்ள சில்வண்டுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். நீ சுகமா? உன் முதலாளிக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடி முடிந்ததா? பக்கத்து வீட்டு மாஸ்டருக்கு நடை சரியாகிவிட்டதா? கிணற்று மோட்டார் ஓடுகிறதா? அந்த ஒற்றைக் காதுப் பூனை இருக்கிறதா, போய்விட்டதா?

முதுகு பரவாயில்லை. லிஃப்ட் விஷயத்தை அண்ணி ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். அது வேறு கம்பெனி, சாவி என்னிடம் இல்லை, அவ்வளவுதான்.

உன் பைத்தியம் நல்ல பைத்தியம். படித்ததும் பெருமையாக இருந்தது. நம் வீட்டுப் படத்தைப் பெரிதாக ஒன்று போட்டு எனக்கு அனுப்பு. ஆபீசில் எல்லாரிடமும் காட்ட வேண்டும். வெறும் படமாக அனுப்பாதே. பின்னால் எந்தத் தெரு, எந்த வீடு, எடுத்த தேதி, "ஆளில்லா வீடு" என்ற உன் தலைப்பு, எல்லாம் எழுதி, கீழே முழுக் கையெழுத்துப் போடு. பெரிய கலைஞர்கள் அப்படித்தான் செய்வார்களாம். முன்பக்கச் சுவர் நன்றாகத் தெரிய வேண்டும்.

சீக்கிரம் அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்


பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். முதலாளிக்குக் கண் தெளிந்துவிட்டது. இப்போது இல்லாத தழும்பையும் கண்டுபிடித்து அழிக்கிறார். மாஸ்டர் நடக்கிறார். மோட்டார் ஓடுகிறது. பூனை நாலு குட்டி போட்டிருக்கிறது. சித்தியும் நலம். நீ கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

கடிதத்தோடு படம் வருகிறது, மடக்காமல் அட்டை வைத்துக் கட்டியிருக்கிறேன். நீ சொன்னபடி பின்னால் எல்லாம் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். பெரிய கலைஞர் என்று ஒரு வார்த்தை சொன்னாய், நான் உச்சி குளிர்ந்துபோய் மூன்று பேனா மாற்றி எழுதினேன்.

சுவர் எப்படி நிற்கிறது பார்த்தாயா? அது சிவப்புக் கண்ணாடியின் வேலை. லென்சுக்கு முன்னால் சிவப்பு ஃபில்டர் போட்டால் நீல வானம் இருண்டுவிடும், பச்சை எல்லாம் கருப்பாகிவிடும். தூம்புக் குழாயிலிருந்து ஜன்னல் வரைக்கும் மழைத் தண்ணீர் வடிந்து பச்சையாகப் பாசி பிடித்திருந்தது. படத்தில் அது எப்படி வந்திருக்கிறது என்று பார். இடி விழுந்து சுவர் இரண்டாகப் பிளந்த மாதிரி. அதைப் பார்த்துத்தான் நடுவர்கள் மயங்கிவிட்டார்கள்.

ஆமாம், சொல்ல மறந்துவிட்டேன் பார். எனக்கு முதல் பரிசு. ஜூன் கடைசியில் தலைநகரத்தில் பன்னிரண்டு படத்தையும் கண்காட்சியாக மாட்டப் போகிறார்கள். என் பெயரை வாசலில் எழுதி வைப்பார்களாம். பாஸ்போர்ட் படத்துக்குப் பின்னால் எவன் பெயர் எழுதுகிறான், சொல். எனக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

நான் முன்வாசலில் ட்ரைபாடை நிறுத்தினபோது சித்தி வீட்டின் பக்கவாட்டுக் கதவால் எட்டிப் பார்த்து, "என்ன, வீட்டுக்கும் பாஸ்போர்ட் போட்டோவா? எங்க அனுப்பப் போற?" என்று கேட்டார். பஸ்ஸில் கண்டக்டராக இருந்த காலத்து வாய் இன்னும் அப்படியே இருக்கிறது.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன் சில்வண்டு


பிப்ரவரி 27

அன்புள்ள சில்வண்டுக்கு,

சுகம். படம் வந்தது. பரிசுக்கு வாழ்த்துகள். அண்ணியும் சொல்லச் சொன்னாள். படம் மிகவும் உபயோகமாக இருந்தது. இங்கே வேலை அதிகம், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

அன்புடன்,
அண்ணன்


ஏப்ரல் 15

அண்ணனுக்கு,

உபயோகமாக இருந்தது என்று எழுதினாய். படத்தை யாராவது உபயோகம் என்பார்களா என்று அன்றைக்கே எனக்கு உறுத்தியது. வேலை மும்முரத்தில் எழுதினாய் என்று விட்டுவிட்டேன். ஏழு வாரம் கழித்து எந்த உபயோகம் என்று தெரிந்துவிட்டது.

நம் வீட்டு முன்கதவில் நகராட்சி நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. அந்தக் கதவை யாரும் திறப்பதில்லை என்பதால் மூன்று நாள் அப்படியே இருந்திருக்கிறது. தபால்காரர்தான் பார்த்துச் சொன்னார். "மேற்படி வீடு ஆறு ஆண்டுகளாக ஆளின்றிக் கிடப்பதாலும், முன்சுவர் பிளந்து இடியும் நிலையில் இருப்பதாலும், இடித்து அகற்ற உத்தேசிக்கப்பட்டுள்ளது. ஆட்சேபம் இருப்பின் ஜூன் 2 அன்று நேரில் தெரிவிக்கலாம்." சித்தி அதை உரக்கப் படித்துவிட்டு, "ஆளின்றின்னு போட்டிருக்கானே, அப்ப காலைல டீ குடிச்சது யாரு?" என்றார். நான் சிரிக்கவில்லை.

ஸ்டுடியோவில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு நகராட்சிக்குப் போனேன். கட்டடப் பிரிவு குமாஸ்தா கோப்பைத் திருப்பிக் காட்டினார். மேலே உன் மனு. கீழே ஆதாரம் என்று நூல் போட்டுத் தைத்து என் படம். "படம் இவ்ளோ தெளிவா இருக்கறதால இன்ஸ்பெக்டர் நேர்ல போகலீங்க," என்றார். படத்தைப் புரட்டினால் என் கையெழுத்து. மூன்று பேனா மாற்றி எழுதிய கையெழுத்து.

கண்ணால் காண்பதும் பொய் என்பார்கள். இங்கே கண்ணால்கூட யாரும் காணவில்லை.

அப்பா வீட்டை நம் இருவர் பேரிலும் எழுதினார், சித்தி உயிரோடு இருக்கும்வரை அங்கே குடியிருக்கலாம் என்றும் எழுதினார். அவர் இருக்கும்வரை விற்க முடியாது என்று உனக்குத் தெரியும். வீடே இல்லாமல் போனால் குடியிருக்கிற உரிமையும் இல்லாமல் போகும் என்று யார் உனக்குச் சொல்லிக்கொடுத்தது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். நீ ஒரு ஆளையே மறைத்துவிட்டாய், அதுவும் என் கையை வைத்து.

மனுவை நீயே திரும்ப வாங்கு. ஒரு மாதம் பார்ப்பேன்.

தங்கை


ஏப்ரல் 29

அன்புள்ள சில்வண்டுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உன் கோபத்திலும் ஒரு வரி நலம் விசாரித்திருக்கலாம்.

உன்னிடம் சொல்லாமல் செய்தது தவறு. சொன்னால் ஒத்துக்கொண்டிருப்பாயா? ஆனை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும். அந்த வீடு நம்மைத் தின்றது போதும்.

அப்போது நீ ஒன்பது வயதுக் குழந்தை, உனக்கு ஞாபகம் இருக்காது. எனக்குப் பதினைந்து. அம்மா இறந்து நாலாம் மாதம் அப்பா ஒரு பெட்டியோடு அந்த அம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்தார். "சித்தின்னு கூப்பிடுடா," என்றார். அவ்வளவுதான், வேறு ஒரு வார்த்தை இல்லை. அதற்குப் பிறகு அம்மா இருந்த முன்னறையும் படுக்கையறையும் பூட்டப்பட்டன. அம்மாவின் புடவை, அம்மாவின் கட்டில், அம்மாவின் தையல் மெஷின் எல்லாம் பூட்டுக்குப் பின்னால் போயின. அந்த வீட்டில் அம்மா இருந்த சுவடே இல்லாமல் ஆக்கினது யார்? அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாமல்தான் பதினேழு வயதில் நான் கிளம்பினேன். என் தாயை இல்லை என்று ஆக்கினவரை நான் இல்லை என்று எழுதினேன். கணக்குச் சரியாகப் போயிற்று.

அந்த அம்மாளை நான் தெருவில் விடச் சொல்லவில்லை. முதியோர் இல்லம் ஒன்றைப் பேசி வைத்திருக்கிறேன், சுத்தமான இடம்.

நீயும் யோசி. விரிசலை நான் வரையவில்லை. நீ எடுத்த படம், நீ வைத்த தலைப்பு, நீ போட்ட கையெழுத்து. ஜூன் 2 அன்று போய் அது பொய் என்று சொன்னால், முதல் பரிசு என்ன ஆகும்? கண்காட்சி என்ன ஆகும்? நாற்பது வயதில் உனக்கு முதல்முதலாக ஒரு நல்லது நடந்திருக்கிறது. அதை நீயே கெடுத்துக்கொள்ளாதே. நீ பேசாமல் இருந்தால் போதும், வேறு எதுவும் செய்ய வேண்டாம்.

அன்புடன்,
அண்ணன்


மே 5

பெரியவனுக்கு,

சித்தி எழுதுவது. நான் நலம். நீ முப்பத்தோரு வருஷமாகக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன். சர்க்கரை இல்லை, ரத்தக் கொதிப்பு இல்லை, பல் மட்டும் இரண்டு ஆடுகிறது. நீ எழுதிய கடிதத்தைச் சின்னவள் என்னிடம் காட்டவில்லை. இங்கே வந்தபோது மேஜையில் வைத்துவிட்டு அழப் போனாள், நான் எடுத்துப் படித்தேன். அது தப்பு என்றால் அந்தத் தப்பு என்னுடையது.

முன்னறையை நான் பூட்டினேன் என்று எழுதியிருக்கிறாய். ஆமாம், பூட்டினேன். ஏன் பூட்டினேன் என்பதை நீ மறந்துவிட்டாய்.

நான் வந்த அன்றைக்கு நீ அந்த அறை வாசலில் கையை அகலமாக விரித்துக்கொண்டு நின்றாய். அரும்பு மீசை, அழுது வீங்கின கண். "எங்கம்மா ரூமுக்குள்ள கால் வெச்சீங்கன்னா பாருங்க," என்றாய். உன் அப்பா அடிக்கக் கை ஓங்கினார். நான்தான் பிடித்தேன். "வைக்க மாட்டேன் போப்பா," என்று சொன்னேன். உனக்கு முன்னாலேயே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினேன்.

இன்றைக்கு வரைக்கும் வைக்கவில்லை. கூரை ஒழுகினபோது வெளியிலிருந்து ஏணி போட்டு ஓடு மாற்றினேன். ஜன்னல் பலகை உடைந்தபோது உள்ளே போய்த்தான் மாட்ட வேண்டும் என்றார் தச்சர், அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உன் அப்பா இரண்டு தடவை சாவி கேட்டார், தரவில்லை. பின்பக்கம் இரண்டு அறையில் மூன்று பேர் நெருக்கிக்கொண்டு குடும்பம் நடத்தினோம். வீடு முன்பக்கம் பாழாகத் தெரிகிறது என்றால், பதினைந்து வயசுப் பையன் சொன்ன ஒரு சொல்லை நான் காப்பாற்றினதால் தெரிகிறது. அதையே ஆதாரம் என்று கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாய். நல்லா இருக்குப்பா.

எரிகிற வீட்டில் பிடுங்கினது ஆதாயம் என்பார்கள். இந்த வீடு எரியக்கூட இல்லை.

முதியோர் இல்லத்துக்கு நீ கஷ்டப்பட வேண்டாம். முப்பது வருஷம் பஸ்ஸில் நின்றவள் நான். கூட்டம் பிதுங்கினாலும் ஏறினவரை நடுவழியில் இறக்கிவிட்டதில்லை. என் நிறுத்தம் வந்தால் நானே விசில் ஊதி இறங்குவேன். அதுவரைக்கும் பேசாமல் உட்கார்ந்து வா.

உன் பெண்டாட்டிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசி. உனக்கும்தான், கோபம் வேறு, அது வேறு.

சித்தி


மே 12

அண்ணனுக்கு,

நலம். நீயும் எல்லாரும் நலம் என்று நினைக்கிறேன்.

நான் கொடுத்த ஒரு மாதம் முடியப்போகிறது. மனுவை நீ வாங்கவில்லை. சித்தி உனக்கு என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. தபாலில் போட்டுவிட்டு வந்து, "உங்கண்ணனுக்கு ஒரு டிக்கெட் கிழிச்சுக் குடுத்துட்டேன்," என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை.

இப்போது நான் உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்கிறேன். உன்னைத் திட்டுவதற்கு முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும், வாய் வரவில்லை.

அந்த ரோலில் நம் வீட்டை இரண்டு தடவை எடுத்தேன். பதிமூன்றாவது படம், பதினான்காவது படம். நீ வைத்திருப்பது பதினான்கு. பதிமூன்றில் வீட்டுப் பக்கவாட்டில் துணிக்கொடி தெரிகிறது, அதில் இரண்டு புடவை, ஒரு போர்வை. கொடிக்குப் பக்கத்தில் வாளியைக் கீழே வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, கேமராவை நேராகப் பார்த்தபடி சித்தி நிற்கிறார். அற்புதமான படம், அண்ணா. என் வாழ்க்கையில் எடுத்ததிலேயே அதுதான் நல்ல படம் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? சே, படம் கெட்டுவிட்டதே என்றுதான் தோன்றியது.

"சித்தி, கொஞ்சம் உள்ளே போறீங்களா, ஆள் இல்லாத வீடுன்னு தலைப்பு," என்றேன். அவர் என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். "அதுக்கென்ன, இல்லாம இருக்கறது எனக்குப் பழக்கம்தானே," என்று சொல்லி வாளியை எடுத்துக்கொண்டு போனார். நானே கொடியில் கிடந்த ஈரத் துணியை வாரிச் சுருட்டினேன், கொடியை அவிழ்த்தேன், சிவப்புக் கண்ணாடியைப் போட்டேன், பதினான்காவதை எடுத்தேன். பாசியை விரிசல் ஆக்கினது நான். ஆளை இல்லாமல் ஆக்கினதும் நான். நீ அதற்கு ஸ்டாம்பு ஒட்டினாய், அவ்வளவுதான் வித்தியாசம்.

என்னை வளர்த்தவர் அவர். பத்து வருஷம் காலை ஐந்து மணி பஸ்ஸுக்கு ஓடுகிறதற்கு முன்னால் எனக்குத் தலை பின்னிவிட்டுப் போனார். அப்படிப்பட்டவரைப் பார்த்து உள்ளே போகச் சொன்னேன். இதை நினைத்தால் எனக்கு என்மேல் வருகிற ஆத்திரத்தில் பாதிகூட உன்மேல் வரவில்லை.

பதிமூன்றும் பதினான்கும் ஒரே துண்டு நெகட்டிவில் பக்கம் பக்கமாக இருக்கின்றன. பதிமூன்றில் ஃபில்டர் இல்லை, பாசி வெறும் சாம்பல் நிறமாகத் தெரிகிறது. யாரும் மறுக்க முடியாது. ஜூன் 2 அன்று அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு நான் போகிறேன். பரிசு போனால் போகட்டும்.

தங்கை


மே 21

சில்வண்டுக்கு,

சுகம்.

போகாதே. மனுவை இப்போது திரும்ப வாங்கினால் பொய் சொன்னேன் என்று ஆகிவிடும். நீ போய்ச் சொன்னாலும் அதுதான் ஆகும். எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அவர் எழுதிய கடிதம் வந்தது. நான் அப்படிச் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. நாலு நாளாக யோசிக்கிறேன். கையை விரித்து நின்றது மட்டும் ஞாபகம் வருகிறது. வேறு ஒன்றும் எழுத முடியவில்லை.

போகாதே என்று மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணன்


ஜூன் 16

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். சித்தி நலம். ஆடின பல்லில் ஒன்று விழுந்துவிட்டது. நீ, அண்ணி, பிள்ளைகள் நலமாக இருக்க வேண்டும்.

போனேன். நகராட்சி மாடியில் நீள பெஞ்சு, எதிரே மேஜை, மேஜை முழுக்க நாடா கட்டின கோப்புகள். அதிகாரிக்கு வலது பக்கம் இன்ஸ்பெக்டர், படத்தை மட்டும் பார்த்துவிட்டு வீட்டைப் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டவர். சித்தி பழைய கண்டக்டர் பையை மாட்டிக்கொண்டு வந்திருந்தார். உள்ளே குடும்ப அட்டை, மின்சார ரசீது, அப்பாவின் உயில், அதோடு வெற்றிலைப் பெட்டி மாதிரி ஒரு டப்பாவில் விழுந்த பல். ஏன் அதையெல்லாம் கொண்டு வந்தீர்கள் என்றால், "இருக்கேன்னு நிரூபிக்கணுமாமே, எது உதவும்னு யாருக்குத் தெரியும்," என்கிறார்.

"நீங்கதான் அங்க குடியிருக்கறதா சொல்றவங்களா?" என்று அதிகாரி கேட்டார்.

"சொல்றவ இல்லீங்க. இருக்கறவ," என்றார் சித்தி.

பிறகு நான் எழுந்தேன். கோப்பில் இருக்கிற படம் நான் எடுத்தது, பின்னால் இருப்பது என் கையெழுத்து, அதில் இருக்கிற விரிசல் பாசி, அதில் இல்லாத ஆள் இதோ பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார் என்று சொன்னேன். நெகட்டிவ் துண்டைக் கொடுத்தேன். அதிகாரி அதை ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். நெகட்டிவில் சித்தியின் முகம் கருப்பாக, தலைமுடி வெள்ளையாக இருந்திருக்கும். அவர் ஒரு தடவை படத்தையும் ஒரு தடவை பெஞ்சையும் பார்த்தார்.

"முதல் பரிசு வாங்கின படத்தை நீங்களே பொய்ங்கறீங்களேம்மா?"

"பொய்யா இருந்ததாலதான் சார் பரிசு கிடைச்சுது," என்றேன்.

இரண்டு நாள் கழித்து இன்ஸ்பெக்டர் நேரில் வந்தார், இரும்புக் கம்பியோடு. அவர் வருவதற்குள் சித்தி தேங்காய் நாரும் சோப்பும் எடுத்து விரிசலைத் தேய்த்துக் கழுவியே விட்டார். மனுஷன் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு எந்த இடத்தில் குத்துவது என்று தெரியாமல் நின்றார். சுவர் கல்லு மாதிரி இருக்கிறது. நோட்டீஸை ரத்து செய்துவிட்டார்கள். உன்மேல் நடவடிக்கை எடுக்கட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று சொன்னது சித்தி. நான் இல்லை.

சங்கத்துக்கும் நானே எழுதினேன். பரிசைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள், கண்காட்சியிலிருந்து பன்னிரண்டு படத்தையும் எடுத்துவிட்டார்கள். ஒரு படம் பொய் என்றால் மற்றதை எப்படி நம்புவது என்று எழுதியிருந்தார்கள். படித்துவிட்டு நன்றாக அழுதேன். பிறகு அவர்கள் கேட்டது நியாயம்தானே என்று தோன்றி, அந்தப் பதினொரு வீட்டுக்கும் மறுபடியும் போனேன். இந்தத் தடவை கேமரா இல்லாமல். ஒவ்வொரு கதவையும் தட்டினேன். பதினொன்றில் மூன்றில் ஆள் இருந்தார்கள், அண்ணா. படிக்கட்டு வானத்துக்கு ஏறுகிறது என்று எழுதினேனே, அந்த மாடி வீட்டுக்குப் பின்கட்டில் எடைமேடைக் காவல்காரர் பெண்டாட்டி பிள்ளையோடு இருக்கிறார். "அஞ்சாறு மாசம் முன்னாடி யாரோ வந்து போட்டோ எடுத்தாங்களே, நீங்களா? கூப்பிட்டிருந்தா டீ குடுத்திருப்பமே," என்றார். ஒரு தடவைகூடக் கதவைத் தட்டிப் பார்க்காமலே, ஆள் இல்லை என்று எழுதியிருக்கிறேன். இனிமேல் தட்டிவிட்டுத்தான் எடுப்பேன். ஆள் வந்தால் ஆளையும் சேர்த்து எடுப்பேன். அதற்குப் பரிசு தருகிற சங்கம் இருந்தால் தரட்டும், இல்லாவிட்டால் போகட்டும்.

போன ஞாயிறு ஸ்டுடியோ மாடி அறையைக் காலி செய்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். சித்தி இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். முன்னறைப் பூட்டு திறக்க எண்ணெய் விட்டு ஒருமணி நேரம் ஆயிற்று. அம்மாவின் கட்டிலில் கரையான், மெஷின் நன்றாக இருக்கிறது, புடவைகள் மடித்தபடியே இருக்கின்றன. படுக்கையறையைப் படம் கழுவுகிற இருட்டறை ஆக்கப் போகிறேன். சித்தி வாசற்படி வரைக்கும் வந்து துடைப்பத்தை நீட்டினார். உள்ளே வாங்க என்றேன். "உனக்கு நான் வாக்கு குடுக்கலையே," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தப் பிடிவாதத்தை நான் ஒன்றும் செய்ய முடியாது. அவர் யாருக்கு வாக்கு கொடுத்தாரோ அவன்தான் வந்து திருப்பித் தர வேண்டும். நான் அவருக்காகவும் கெஞ்ச மாட்டேன், உனக்காகவும் கெஞ்ச மாட்டேன்.

விலாசத்தை மாற்றி எழுது, இனி கடிதம் எனக்கு இங்கேதான் வர வேண்டும். மறுபடியும் மனு கொடுப்பதாக இருந்தால் தாராளமாகக் கொடு. ஆனால் இந்தத் தடவை இந்த வீட்டில் இரண்டு பேர் இல்லை என்று எழுத வேண்டியிருக்கும். அதில் ஒருத்தி நான். உன் கையால் எழுத முடிந்தால் எழுது, பார்க்கலாம்.

அன்புடன்,
உன் தங்கை